குப்புறப் போட்டா நல்லா தூங்கும்: ஓர் அறிவுரை அரை நூற்றாண்டு ஓடிய கதை

இந்த வார எபிசோடில் ராஜா இல்லை, போர் இல்லை, கோட்டை இல்லை. ஒரு கைக்குழந்தையை எந்தப் பக்கமாகப் படுக்க வைப்பது என்பதுதான் இன்றைய வரலாறு. இதெல்லாம் ஒரு எபிசோடா என்று கேட்கலாம். கடைசியில் ஒரு எண் சொல்கிறேன், அதுவரை பொறுங்க.

முதலில் இது எங்கிருந்து ஆரம்பித்தது என்று சொல்லிடறேன். என் அக்காவுக்கு மகப்பேறு விடுப்பு முடியப் போகிறது. பிரசவத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே லீவு எடுத்துவிட்டதால், பாப்பாவுக்கு அஞ்சு மாசம் ஆகும்போதே வேலைக்குத் திரும்ப வேண்டும். ஒரு சனிக்கிழமை ரெண்டு பேரும் கிரெஷ் பார்க்கப் போனோம். வாசலிலேயே செருப்பைக் கழட்டச் சொன்னார்கள், கை கழுவச் சொன்னார்கள். ஒவ்வொரு மூலையிலும் கேமரா. எனக்கு நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது. அப்புறம் தூங்கும் அறையைக் காட்டினார்கள். நாலு கைக்குழந்தைகள். அதில் மூன்று குப்புறப் படுத்திருந்தன.

அக்கா என்னைப் பார்த்தாள். அங்கே இருந்த அம்மா, ஐம்பது வயசு இருக்கும், குழந்தைகள் எழுந்துவிடக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார்: "குப்புறப் போட்டாதான் தம்பி ரெண்டு மணி நேரம் அசையாம தூங்குதுங்க. மல்லாக்கப் போட்டா பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திடுக்குனு முழிச்சுக்குதுங்க."

குப்புறப் படுக்க வைக்கக் கூடாது என்று அக்காவுக்கு டாக்டர் சொல்லியிருந்தார். ஏன் என்று எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. அந்தம்மாவுக்கோ பல வருஷ அனுபவம். பேசாமல் வந்துவிட்டோம். பிறகு நான் படித்த எல்லாமே ஒரு விஷயத்தைத்தான் சொன்னது: அந்தம்மா சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பிரச்சினையே அந்த உண்மையில்தான் இருக்கிறது.

பெயர் இல்லாத மரணம்

நன்றாகப் பால் குடித்து, சிரித்து, தூங்கப் போன குழந்தை காலையில் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. பிரேதப் பரிசோதனையிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட மரணங்களுக்கு இங்கிலாந்தில் 'தொட்டில் மரணம்' என்று பெயர். 1969-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடிய மருத்துவர்கள் இதற்கு ஒரு முறையான பெயர் வைத்தார்கள்: திடீர் சிசு மரணக் கூட்டறிகுறி. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'சிட்ஸ்' என்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது, இது ஒரு நோயின் பெயர் இல்லை. 'எல்லாம் பார்த்துவிட்டோம், காரணம் தெரியவில்லை' என்பதற்கான பெயர். நம்ம வேலையில் 'அன்நோன் எரர்' என்று ஒரு செய்தி வருமே, அது மாதிரி. இங்கே அந்தச் செய்தி ஒரு பெற்றோரின் கையில் கொடுக்கப்படுகிறது. காரணம் தெரியாத இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மா சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையா, அப்பா ஏதாவது செய்தாரா என்று ஊர் பேசும். போலீஸ் வீட்டுக்கு வரும்.

புத்தகம் சொன்னது

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். 1944-லேயே நியூயார்க்கைச் சேர்ந்த ஹெரால்ட் ஏபிராம்சன் என்ற மருத்துவர், மூச்சுத் திணறி இறந்ததாகப் பதிவான குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்தார். பெரும்பாலானவை குப்புறப் படுத்த நிலையில் கண்டெடுக்கப்பட்டவை. 'யாரும் பார்த்துக்கொண்டு இல்லாதபோது குப்புறப் போடாதீர்கள்' என்பதுதான் அவருடைய முடிவு. சில காலம் அதற்கு மதிப்பும் இருந்தது. ஆனால் ஆரோக்கியமான குழந்தை தலையைத் திருப்பி மூச்சு விட்டுக்கொள்ளும் என்று அடுத்த ஆண்டே எதிர்வாதம் வந்தது. ஏபிராம்சனை மறந்துவிட்டார்கள்.

அதே காலத்தில், 1946-ல், பெஞ்சமின் ஸ்போக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஒரு குழந்தை வளர்ப்புப் புத்தகம் எழுதினார். அவர் வாழ்நாளில் சுமார் 5 கோடி பிரதிகள் விற்ற புத்தகம் அது. 1950-களின் பிற்பகுதியில் வந்த பதிப்புகளில் ஸ்போக், குழந்தையை ஆரம்பத்திலிருந்தே வயிற்றின் மேல் படுக்கப் பழக்குவது நல்லது என்று எழுதினார். ரெண்டு காரணம் சொன்னார். மல்லாக்கப் படுத்தால் குழந்தை கக்கும்போது பால் புரை ஏறலாம். இன்னொன்று, தலை ஒரே பக்கம் அழுந்தித் தட்டையாகிவிடும்.

கேட்டால் எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்க. இதில் மூடநம்பிக்கை ஒன்றுமே இல்லை. ஒரு அன்பான மருத்துவர், யோசித்து, குழந்தையின் நன்மைக்காகச் சொன்னது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு ஆய்வு கிடையாது. வெறும் தர்க்கம் மட்டும்தான். சர் இயன் சால்மர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பின்னாளில் மருத்துவ ஆதாரங்களைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பைத் தொடங்கியவர், தானும் ஸ்போக்கை நம்பி இந்த அறிவுரையைப் பின்பற்றியதையும் பிறருக்குச் சொன்னதையும் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அவர் வாழ்க்கையின் போக்கையே இந்த மாதிரித் தவறுகள்தான் தீர்மானித்தன என்று சொல்லலாம்.

ஸ்போக்குக்குத் துணையாக ஆஸ்பத்திரியும் வந்தது. 1960-களிலும் 70-களிலும் குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வளர்ந்தன. மூச்சுவிடக் கஷ்டப்படும் குறைமாதக் குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்தால் அதன் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு கூடுகிறது என்று பார்த்தார்கள். அது உண்மை. அந்தக் குழந்தைகளுக்கு இருபத்து நாலு மணி நேரமும் மானிட்டர் இருந்தது, பக்கத்திலேயே நர்ஸ் இருந்தார். ஆனால் அதே வார்டைப் பார்த்த பெற்றோரும் நர்ஸ்களும், 'ஆஸ்பத்திரியிலேயே இப்படித்தான் போடுறாங்க' என்று முழுமாதக் குழந்தைகளையும் வீட்டில் குப்புறப் போட ஆரம்பித்தார்கள். ஒரு சூழலுக்காக எழுதின கோடை, அதிலிருந்த பாதுகாப்பு எல்லாவற்றையும் கழட்டிவிட்டு, வேறு இடத்தில் ஒட்டின மாதிரி. நெதர்லாந்தில் 1970-களின் தொடக்கத்தில் குப்புறத் தூங்க வைக்கும் பழக்கம் பரவியது. அதோடு சேர்ந்து தொட்டில் மரணங்களும் ஏறின.

ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. உலகத்தின் சிறந்த மருத்துவமனைகள், புத்திசாலி டாக்டர்கள், ஏன் தெரியவில்லை?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஆயிரம் குழந்தைகளுக்குச் சுமார் ரெண்டு தொட்டில் மரணங்கள். அதாவது ஆயிரத்தில் 998 குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வருஷத்துக்குப் பத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிரெஷை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷத்தில் முந்நூறு குழந்தைகள். இந்த விகிதத்தில், அதுவும் பகலில் மட்டும் குழந்தை அங்கே இருக்கும்போது, முப்பது வருஷமும் ஒரு மரணம்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். 'நான் முந்நூறு குழந்தையை இப்படித்தான் பார்த்துக்கிட்டேன், ஒண்ணும் ஆகலையே' என்பது பொய் இல்லை. ஆனால் அது ஆதாரமும் இல்லை. இந்த அளவு அரிதான ஆபத்தைத் தனி மனித அனுபவத்தால் பிடிக்க முடியாது. தவறு நடந்தாலும் தண்டனை எப்போதோ ஒரு முறை, யாரோ ஒருவருக்கு. பலன் மட்டும் தினமும் கண்ணெதிரே: குழந்தை நல்லா தூங்குது.

வீடு வீடாகப் போனவர்

ஆனால் சிலர் கவனித்தார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சூசன் பீல் என்ற குழந்தை மருத்துவர், 1970-களிலிருந்து, தொட்டில் மரணம் நடந்த வீடுகளுக்கு நேரில் போனார். ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கான வீடுகள். பெற்றோருடன் உட்கார்ந்து பேசினார். குழந்தை எப்படிப் படுத்திருந்தது, என்ன போர்த்தியிருந்தார்கள், மெத்தை எப்படி என்று கேட்டுக் கேட்டு எழுதினார். திரும்பத் திரும்ப ஒரே காட்சி: குப்புறப் படுத்த குழந்தை. 1980-களில் இதை மாநாடுகளில் சொல்ல ஆரம்பித்தார். எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை.

1985-ல் ஹாங்காங்கிலிருந்து ஒரு சின்னக் கட்டுரை லான்செட் இதழில் வந்தது. எழுதியவர் டேவிஸ் என்ற மருத்துவர். கேள்வியே வித்தியாசமானது. இங்கே ஏன் தொட்டில் மரணம் இவ்வளவு குறைவு? நெருக்கடியான சின்ன வீடுகள் நிறைந்த நகரம் அது. அப்படிப் பார்த்தால் கூடத்தானே இருக்க வேண்டும்? ஆனால் இங்கிலாந்தைவிடப் பல மடங்கு குறைவு. அவர் சொன்ன சாத்தியமான காரணங்களில் ஒன்று, சீனக் குடும்பங்கள் குழந்தையை வழக்கமாக மல்லாக்கத்தான் படுக்க வைப்பார்கள் என்பது.

அதைப் படித்தபோது நான் அம்மாவிடம் கேட்டேன், என்னை எப்படித் தூங்க வைத்தீர்கள் என்று. "தூளியில போட்டா எப்படிடா குப்புறப் படுக்கும்? பாயில போட்டாலும் மல்லாக்கத்தான். நீயா குப்புற விழுந்தப்ப வீடே கொண்டாடுச்சு" என்றார். தூளிதான் தீர்வு என்று சொல்ல வரவில்லை. இன்றைய பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் உறுதியான, சமதளமான படுக்கையைத்தான் சொல்கின்றன. துணித் தொட்டிலில் கழுத்து மடங்கும் ஆபத்து உண்டு. நான் சொல்வது வேறு. குப்புறத் தூங்க வைப்பது எங்க வீட்டுப் பாட்டி வழக்கமே இல்லை. எங்கேயோ புத்தகத்திலும் வார்டிலும் தொடங்கி, 'நவீன' பழக்கமாக உலகம் சுற்றிய ஒன்று.

1991

அடுத்த சில வருஷங்கள் வேகமானவை. 1987-ல் நெதர்லாந்தில் பேராசிரியர் டி யோங்கே, குப்புறத் தூங்க வைக்காதீர்கள் என்று வெளிப்படையாக அறிவுறுத்தினார். மரணங்கள் இறங்கின. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பீட்டர் ஃபிளெமிங்கின் குழு இறந்த குழந்தைகளையும் அதே வயதில் உயிரோடிருந்த குழந்தைகளையும் ஒப்பிட்டது. 1990-ல் வந்த முடிவு: குப்புறத் தூங்கும் குழந்தைக்கு ஆபத்து எட்டு மடங்குக்கும் மேல். உலகத்திலேயே அதிக விகிதம் இருந்த நாடுகளில் ஒன்றான நியூசிலாந்தில், எட் மிட்செல் குழு நடத்திய பெரிய ஆய்வும் அதையே சொன்னது.

1991 ஜூலையில், ஆன் டயமண்ட் என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொகுப்பாளரின் நாலு மாதக் குழந்தை செபாஸ்டியன் தூக்கத்தில் இறந்தான். அவர் தேட ஆரம்பித்தார். நியூசிலாந்தில் இந்த ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டு அங்கேயே போனார். தெரிந்த விஷயம் தன் நாட்டுத் தாய்மார்களுக்கு ஏன் சொல்லப்படவில்லை என்று கேட்டார். அந்த ஆண்டு இறுதியில் பிரிட்டனில் 'பேக் டு ஸ்லீப்' இயக்கம் தொடங்கியது, அவரே டிவி விளம்பரத்தில் தோன்றினார். அடுத்த ஒரே ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொட்டில் மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை, கருவி இல்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவும் டேகேரும்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-ல் இதே அறிவுரையைக் கொடுத்தது. 1994-ல் அரசு இயக்கம் ஆரம்பித்தது. 1992-ல் அங்கே பத்தில் ஏழு குழந்தைகள் குப்புறத் தூங்கின. பத்து ஆண்டுகளுக்குள் சிட்ஸ் மரணங்கள் பாதிக்கும் கீழே போயின.

எல்லாம் நல்லபடியாகப் போகும்போது, வாஷிங்டனில் ரேச்சல் மூன் என்ற குழந்தை மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். வீடுகளில் மரணம் குறைகிறது. ஆனால் பெற்றோர் இல்லாத நேரத்தில், வேறொருவர் பராமரிப்பில் நடக்கும் மரணங்கள்? அவர் குழு 11 மாநிலங்களில் 1995 முதல் 1997 வரை நடந்த 1,916 சிட்ஸ் மரணங்களை எடுத்துப் பார்த்தது. குழந்தைகள் பராமரிப்பில் செலவழிக்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், சுமார் 8 சதவீத மரணங்கள் அங்கே நடந்திருக்கலாம். நடந்தது 20 சதவீதம். பெரும்பாலானவை பெரிய மையங்களில் இல்லை, யாரோ ஒருவர் தன் வீட்டில் சில குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடங்களில்.

அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. பராமரிப்பில் நடந்த மரணங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, குழந்தை அங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே நடந்திருக்கிறது. அதிலும் பாதி முதல் நாளில்.

ஏன்? புது இடம், புது முகம், தூக்கம் கலைவது என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் எப்போதும் மல்லாக்கத் தூங்கிப் பழகிய குழந்தையை அங்கே குப்புறப் போட்டிருக்கிறார்கள். எப்போதும் குப்புறத் தூங்கும் குழந்தையைவிட, பழக்கமில்லாமல் திடீரென்று குப்புறப் போடப்படும் குழந்தைக்கு ஆபத்து அதிகம், மல்லாக்கத் தூங்கும் குழந்தையோடு ஒப்பிட்டால் 18 மடங்கு வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது அம்மா அப்பா எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறார்கள். அந்தச் சரியான பழக்கத்தை அடுத்த கைக்குச் சொல்லவில்லை. அல்லது சொன்னார்கள், அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை.

பராமரிப்பவர்களிடம் பேசினார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பலருக்கு விஷயமே தெரியாது. இயக்கத்தின் விளம்பரம் எல்லாம் புதுப் பெற்றோரைப் பார்த்துப் பேசியது, ஆயாக்களைப் பார்த்துப் பேசவில்லை. தெரிந்த சிலருக்கும் புரை ஏறிவிடுமோ என்ற பயம். இன்னும் சிலர் சொன்னது நமக்குத் தெரிந்த பதில்: குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்குகிறது.

மூன் அவர்களைத் திட்டவில்லை. ஒரு மணி நேரப் பயிற்சி வடிவமைத்தார். எதற்காக என்று காரணத்தோடு விளக்கும் பயிற்சி. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் மல்லாக்கப் போடும் பழக்கம் நிலைத்திருந்தது. 2003-ல் குழந்தைப் பராமரிப்பாளர்களுக்கென்றே ஒரு தனி இயக்கம் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக மாநிலங்கள் உரிமம் தரும் விதிகளில் தூங்கும் நிலையைச் சேர்த்தன.

நல்ல தூக்கம் என்றால் என்ன?

இப்போது அந்தம்மா சொன்னதற்கு வருவோம். குப்புறப் படுத்தால் குழந்தை அசையாமல் தூங்கும். உண்மை. ஆய்வகத்தில் அளந்து பார்த்ததும் அதைத்தான் காட்டியது: தூக்கம் ஆழமாகிறது, எளிதில் விழிப்பதில்லை. மல்லாக்கப் போட்டால் கையை விரித்துத் திடுக்கிட்டு எழும். அதுவும் உண்மை.

ஆனால் அந்தத் திடுக்கிடல், அந்த விழிப்பு, அதுதான் குழந்தையின் பாதுகாப்பு அலாரம். முகம் மெத்தையில் புதையும்போது, தான் விட்ட மூச்சையே குழந்தை திரும்ப இழுக்கிறது. ஆக்சிஜன் குறைகிறது, கரியமில வாயு கூடுகிறது. சாதாரணமாக மூளைத்தண்டு உடனே எழுப்பிவிடும். குழந்தை தலையைத் திருப்பும், அழும். 1994-ல் ஃபிலியானோ, ஹன்னா கின்னி இருவரும் சொன்ன விளக்கம் இன்றும் பேசப்படுகிறது. மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேரும்போது மரணம் நேர்கிறது: உள்ளுக்குள் ஏதோ பலவீனம் உள்ள குழந்தை, ரெண்டிலிருந்து நாலு மாதம் வரை உச்சத்தில் இருக்கும் ஆபத்தான பருவம், வெளியிலிருந்து வரும் ஒரு அழுத்தம். எந்தக் குழந்தைக்கு அந்தப் பலவீனம் என்று வெளியே தெரியாது. வயதை நிறுத்த முடியாது. நம் கையில் இருப்பது மூன்றாவது மட்டும்.

புரை ஏறும் பயம்? குழந்தை மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் கீழே உள்ள உணவுக்குழாய்க்கே திரும்பும். குப்புறப் போட்டால் வரிசை மாறி, மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது. ஸ்போக்கின் தர்க்கம் தலைகீழாக இருந்தது. எல்லோரையும் மல்லாக்கப் போட்ட பிறகும் புரை ஏறி இறக்கும் குழந்தைகள் கூடவில்லை.

தட்டையான தலையும் செங்கீரையும்

ஸ்போக் சொன்ன ரெண்டாவது விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. 1990-களில் பின்மண்டை தட்டையான குழந்தைகள் அதிகம் வர ஆரம்பித்தார்கள். 1998-ல் வந்த ஓர் ஆய்வில், மல்லாக்கத் தூங்கும் குழந்தைகள் உருள்வது, தவழ்வது போன்றவற்றைச் சற்றுத் தாமதமாகச் செய்தார்கள். ஆனால் எல்லாம் இயல்பான வயது எல்லைக்குள்தான். நடக்க ஆரம்பித்ததில் வித்தியாசமே இல்லை.

இதற்கான பதில் எளிது. தூங்கும்போது மல்லாக்க, விழித்திருக்கும்போது, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, குப்புற. 'டம்மி டைம்' என்கிறார்கள். கழுத்து, தோள், முதுகு எல்லாம் அந்த நேரத்தில்தான் பலம் பெறும்.

இதைப் படிக்கும்போது எனக்குப் பிள்ளைத்தமிழ் ஞாபகம் வந்தது. பத்துப் பருவங்களில் ரெண்டாவது செங்கீரை. ஐந்தாம் மாத வாக்கில், குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றி, தலையைத் தூக்கி ஆட்டும் பருவம். இது டம்மி டைம்தானே! பின்னால் வருவது சப்பாணி, உட்கார்ந்து கை தட்டுவது. நம்ம புலவர்கள் ஒரு வளர்ச்சி அட்டவணையையே பாட்டாக்கி வைத்திருக்கிறார்கள். கவனித்தால், செங்கீரை ஆடச் சொல்லிக் கூப்பிடும்போது எதிரில் ஒருவர் இருக்கிறார், பார்த்து ரசித்துக்கொண்டு.

டேகேரில் வளர்ச்சிக்கு எதிரி மல்லாக்கப் படுப்பது இல்லை. விழித்திருக்கும் நேரமும் பவுன்சரிலும் வாக்கரிலும் கட்டிப்போடுவதுதான். வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, விபத்தைத்தான் கொண்டுவரும். கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது.

அந்த எண்

2005-ல் ரூத் கில்பர்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் (சால்மர்ஸ் நினைத்தது போலவே) பழைய ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 1970-லேயே, அதுவரை வந்த ஆதாரங்களை யாராவது முறையாகத் தொகுத்திருந்தால், குப்புறப் படுப்பது ஆபத்து என்று தெரிந்திருக்கும். தொகுத்திருந்தால் பிரிட்டனில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சேர்த்துக் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கலாம்.

ஐம்பதாயிரம். அவர்களில் பெரும்பாலோரின் பெற்றோர், டாக்டர் சொன்னபடிதான் செய்தார்கள்.

கதை முடிந்துவிடவில்லை. அமெரிக்காவில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 3,500 குழந்தைகள் தூக்கத்தில் திடீரென இறக்கிறார்கள். கறுப்பின, பூர்வகுடிக் குடும்பங்களில் விகிதம் அதிகம். தொட்டிலைச் சுற்றி வைக்கும் மெத்தென்ற பம்பர்களையும் சாய்வான தூங்கும் இருக்கைகளையும் அங்கே 2022-ல்தான் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இந்தியாவில் 2017 சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் கிரெஷ் வசதி தர வேண்டும் என்றது. அதாவது நம்ம தலைமுறைக் குழந்தைகள் நிறைய பேர் இனி இப்படி ஒரு அறையில்தான் தூங்கப் போகிறார்கள். அந்த அறையில் கேமரா இருக்கிறதா என்று பார்க்கிறோம். எப்படிப் படுக்க வைப்பீர்கள் என்று கேட்பதில்லை.

நானும் அக்காவும் போன வாரம் மறுபடி அங்கே போனோம். மேனேஜரிடம் புகார் பண்ணலாமா என்று யோசித்தோம். அக்கா வேண்டாம் என்றாள். அந்தம்மாவிடமே போய் உட்கார்ந்தோம். மூச்சுக்குழாய் எது, உணவுக்குழாய் எது என்று பேப்பரில் வரைந்து காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இத்தனை வருஷமா யாரும் சொல்லலையே தம்பி" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அக்காதான் சொன்னாள்: "எங்களுக்கும் போன மாசம்தான்மா தெரியும்."

அதற்கு அப்புறம் அவர் கேட்ட கேள்வி பிராக்டிகலானது. "மல்லாக்கப் போட்டா அடிக்கடி எழுந்துக்கும். ஒரு ஆளா நான் நாலு பேரை எப்படிச் சமாளிக்கிறது?" நியாயம்தானே? கைக்குழந்தை அறையில் ஒருவருக்கு எத்தனை குழந்தை என்பதும் பாதுகாப்பு விஷயம்தான். இதை மட்டும் மேனேஜரிடம் கேட்டோம். இன்னொரு ஆள் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போட்ட பிறகுதான் பாப்பாவைச் சேர்ப்பது என்று அக்கா முடிவு பண்ணியிருக்கிறாள். லீவை ரெண்டு வாரம் நீட்டிக் கேட்டிருக்கிறாள், சம்பளம் இல்லாமல்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஒரு வயது வரை, ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாக்க. உறுதியான, சமமான படுக்கை. தலையணை, போர்வை, பொம்மை ஒன்றும் வேண்டாம். ரொம்பப் போர்த்திப் புழுங்க வைக்க வேண்டாம். குழந்தை தானாகவே ரெண்டு பக்கமும் உருளப் பழகிவிட்டால், மல்லாக்கப் போடுங்கள். அதன் பிறகு அதுவாகத் திரும்பினால் விட்டுவிடலாம். குறைமாதம், வேறு உடல்நலப் பிரச்சினை என்றால் உங்கள் டாக்டர் சொல்வதுதான். இதை அப்படியே எழுதி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரிடமும் கொடுங்கள். பாட்டி, ஆயா, கிரெஷ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் மாமா, எல்லோருக்கும்.